பள்ளத்துக்குத் தண்ணி வந்த நாள்

க்யிம்யிண்டைங் பக்கம் போகிறவர்கள் இப்போது அந்தப் புதுப்பேட்டையைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். நூல் பிடித்த மாதிரி தெருக்களாம், முக்குக்கு முக்கு விளக்காம், குழாயைத் திருகினால் தண்ணீராம். பிளக்கட்டும். நான் அந்தப் பேட்டைக்குள் காலே வைக்க மாட்டேன். அதன் வழியாகப் போனால் சந்தை பக்கம்தான். நான் ரயில் கேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். "இன்னுமா உனக்குப் பயம் போகலை" என்று என் வீட்டுக்காரர் நல்லப்பன் கேட்பார். போகவில்லை. போகவும் போகாது.

அந்த இடம் எப்படிப் பேட்டையானது என்று அங்கே குடியிருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. முதலில் அது நெல்வயல். ஒரு சூளைக்காரன் குத்தகைக்கு எடுத்துச் செங்கல்லுக்கு மண் தோண்டினான். டவுனில் சிவப்புச் சிவப்பாக எழும்பி நிற்கிற கட்டடங்களில் எத்தனையோ எங்கள் பள்ளத்து மண்ணில் சுட்டதுதான். இனிமேல் தோண்டினால் தண்ணீர்தான் வரும் என்கிற வரைக்கும் தோண்டிவிட்டு அவன் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தக் குழிக்கு நாங்கள் வந்தோம். ஆற்றுத்துறை ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில் பாதைக்காரர்கள், முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவர்கள் என்று பர்மாவுக்குப் பிழைக்க வந்து டவுனில் வாடகை கொடுக்க வக்கில்லாத கூட்டம். கிழக்கு மூலையில் சில பர்மாக்காரக் குடும்பங்களும் இருந்தன. மூங்கில் கால் ஊன்றி, மூங்கில் தப்பையில் தரை போட்டு, பாயால் சுவர் அடைத்து, ஓலை வேய்ந்தோம். வீட்டுக்கு வீடு பலகைப் பாதை. ஆறு ஏறினால் வாய்க்கால் வழியாக எங்கள் வீட்டுக்கடியிலும் தண்ணீர் ஏறும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீருக்கு ரயில் கேட்டுக் குழாய்க்குப் போய்க் குடுமிப்பிடிச் சண்டை போட்டு ஒரு குடம் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பள்ளத்தை மேடாக்கிப் பேட்டை போடப் போவதாக ஒரு கம்பெனி வந்தது. சங்கிலி பிடித்து அளந்தார்கள், முளைக்குச்சி அடித்தார்கள். இங்கே தெரு, இங்கே சாக்கடை, இங்கே தண்ணீர்க் குழாய் என்று கையைக் காட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. மேடாக்குவதென்றால் வண்டியில் மண் வரும், கூடை கூடையாகக் கொட்டுவார்கள், வருஷக்கணக்காக ஆகும் என்று நினைத்துக்கொண்டோம். அது வரைக்கும் குழாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு ஜாலியாக இருக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் எண்ணம்.

அப்புறம் அந்த இரும்புக் குழாய் வந்தது. மரக்கால்களின் மேல் ரயில் பாதையைத் தாண்டி, சூளை மேட்டு விளிம்பு வரைக்கும் வந்து, எங்கள் பள்ளத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிது. அதைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. இராமையா மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். அவர்தான் பள்ளத்துக்குப் பெரிய தலை. ஜெட்டி மேஸ்திரி, பர்மியப் பேச்சு நன்றாக வரும்.

"அண்ணே, குடிக்கிற தண்ணிக்கு இத்தாம் பெரிய குழாயா?"

"எத்தனை குடும்பம் இருக்கோம் பவுனு. ஊதுகுழலாட்டம் வச்சா பத்துமா?"

"குழாய்த் தண்ணி வர்ற ஏரி வடக்கால இருக்கு. குழாய் மேக்கால ஆத்துப் பக்கத்திலேருந்துல்ல வருது?"

"குழாய்க்கு வளைஞ்சு போகத் தெரியாதாக்கும். நீ போய் சோத்தை வடி."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பயந்தாங்குளி என்று ஏற்கனவே பட்டம் உண்டு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தக் குழாய் வாயில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே எங்கேயோ தொலைவில் காற்று முனகுகிற சத்தம். அங்கே பரண் மாதிரி ஒன்று கட்டி, சிட்டகாங்காரர் பர்கத்துல்லா என்பவர் குடை விரித்துக் காவல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பச்சைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று. ரயில் மேட்டின் மேல் இன்னோர் ஆள் அதே மாதிரி இரண்டு கொடியோடு நின்றான். தண்ணீர் விடுவதற்குக் கொடி எதற்கு? பர்கத்துல்லாவிடம் கேட்கலாமென்றால் அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது.

இதற்கு நடுவில் என் தங்கச்சி நீலாம்பாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் அப்பாசாமி ஆற்று லாஞ்சில் கரி அள்ளிப் போடுகிற வேலைக்கு வடக்கே ஆற்றின் மேல்பக்கம் போயிருந்தான். பிரசவத்துக்கு என் வீட்டில்தான் வைத்திருந்தேன். என் வீடு பள்ளத்திலேயே பள்ளம். பிறந்ததிலிருந்து குழந்தைக்கு ஒன்றுமில்லை, தாய்க்குத்தான் காய்ச்சல். ஒரு நாள் விடும், மறுநாள் அடிக்கும். உடம்பு துவண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அந்தக் குழந்தை ராத்திரியில் அழுதால் நான்தான் தூக்கி மார்பில் போட்டுக்கொள்வேன். என் வாசனைக்குத்தான் அடங்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு காலை நேரம் சேகண்டி தட்டிக்கொண்டு கம்பெனி ஆள் ஒருவன் மேட்டு ஓரமாக வந்தான். பர்மாக்காரன். கைகளைக் குவித்துக்கொண்டு கூவினான். எனக்குத் தெரிந்த பர்மியம் எல்லாம் சந்தைப் பர்மியம்: என்ன விலை, வேண்டாம், இருக்கிறது, இல்லை. அவன் கூவியதில் "யே லா மே" மட்டும் புரிந்தது. தண்ணீர் வரும் என்று அர்த்தம். மீதியை இராமையா அண்ணன் பலகைப் பாதையில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னார்.

"நாளைக் காலையில தண்ணி வருதாம். எல்லாரும் சாமானை எடுத்துக்கிட்டு வெளிய வந்துடணுமாம்."

அவர் சொன்னது சரிதான். ஒரு சொல் கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் சாமான் என்றால் என்ன? சாமான் தேய்க்கிறேன் என்பாள், சாமானைக் கவிழ்த்து வை என்பாள். குடமும் தவலையும் சட்டியும்தான் சாமான். தட்டுமுட்டையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இடத்தைக் காலி பண்ணு என்று அவன் சொல்கிறான்; குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நில் என்று நாங்கள் கேட்டோம். இராமையா அண்ணனே அப்படித்தான் கேட்டார். சொன்னவர் வாயும் கேட்டவர் காதும் ஒரே ஊர்தானே.

பள்ளம் முழுக்கக் கல்யாணக் களை. அன்றைக்குப் பூராவும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துப் பித்தளையைத் தேய்த்தார்கள். இராமையா அண்ணன் பெண்சாதி சுப்பம்மாள் சந்தைக்கு ஆளனுப்பிக் கற்பூரம் வாங்கி வைத்தாள். நானும் ஒரு குடத்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் கிழக்கு மூலையைப் பார்த்தேன். அங்கே மா ஷ்வே என்கிற பர்மாக்காரி, எனக்கு மீன் கொடுக்கிறவள், அவள் வீட்டுப் பாய்ச் சுவரைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து வீட்டில் கூரையே இல்லை. தேய்த்த குடத்தைக் கீழே போட்டேன்.

பலகை மேல் ஓடினேன். எனக்குத் தெரிந்த பாஷையில் ஏன் என்று கேட்டேன். அவளும் அதையே சொன்னாள், யே லா மே என்று. சொல்லிவிட்டு என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி கையை ஆட்டி, மேட்டைக் காட்டினாள். கூட்டிக்கொண்டு போ என்கிறாள். தண்ணீர் வந்தால் குழந்தையை ஏன் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? என் தலைக்குள் எதுவோ தட்டியது, ஆனால் பிடிபடவில்லை.

திரும்பி வந்து இராமையா அண்ணனிடம் சண்டைக்கே நின்றேன்.

"தண்ணி வரப்போவுதுன்னா அவங்க ஏன் வீட்டைப் பிரிக்கிறாங்க? பயமா இருக்குண்ணே. நான் நீலாவைத் தூக்கிக்கிட்டு டவுன்ல லான்மடாவ்ல, நமக்குத் தெரிஞ்ச கனகாம்பாள் வீட்டுக்குப் போறேன்."

"குழாய் வந்தா வரி போடுவான். வரிக்குப் பயந்து ஓடுறாங்க அவங்க" என்றார் அவர். "பச்சை உடம்புக்காரியைக் காய்ச்சலோட வண்டியில குலுக்கிக்கிட்டுப் போயி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அப்பாசாமிக்கு நீயா பதில் சொல்லுவே?"

சுப்பம்மாளும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தீட்டுக் கழியாமல் எப்படி ஒருத்தர் வீட்டுப் படி ஏறுவது, காற்றுக் கறுப்பு அடித்தால் என்ன செய்வது என்று ஆளுக்கு ஒன்று. கடைசியில் நீலாவிடமே கேட்டேன். அவள் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

"நான் எங்கயும் வரலைக்கா. உப்புத் தண்ணியிலயே தொடைச்சுத் தொடைச்சு உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. நாளைக்கு நல்ல தண்ணி வந்தா முத குடத்தை எனக்கு வெந்நீர் போட்டுக் குடு. தலைக்கு ஊத்திக்கணும்."

சரி என்றேன். நல்லப்பனிடம் சொன்னால் அவரும், ஊரே சந்தோஷமாக இருக்கிறது, உனக்கு மட்டும்தான் பேய் தெரியும் என்றார். விடிந்ததும் எப்போதும் போல இன்சீன் பட்டறைக்கு ரயிலேறிப் போய்விட்டார்.

நீலாவுக்குக் கஞ்சி கொடுத்து, குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு நான் குடத்தோடு கிளம்பினேன். படியில் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "சீக்கிரம் போக்கா, வரிசை நீண்டுடும்" என்றாள்.

மேட்டு விளிம்பில் பள்ளமே திரண்டிருந்தது. கிழடு கட்டை, குஞ்சு குளுவான் எல்லாம் கையில் ஏதாவது ஒரு பாத்திரத்தோடு நின்றன. குழாயின் வாய்க்குக் குங்குமம் வைத்து சுப்பம்மாள் கற்பூரம் காட்டினாள். பரண் மேலிருந்த பர்கத்துல்லா அதை வேடிக்கை பார்த்துவிட்டு, தள்ளிப் போங்கள் என்று கையை ஆட்டினார். எங்கள் குடங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவருக்கு அது ஏதோ பூஜை. பள்ளத்தில் ஆளில்லை, எல்லாரும் மேலே வந்தாயிற்று என்றுதான் அந்த மனுஷன் நினைத்தார். பச்சைக் கொடியைத் தூக்கினார். ரயில் மேட்டுக்காரனும் ஆற்றுப் பக்கம் பார்த்துத் தூக்கினான்.

முதலில் காற்று வந்தது. அழுகல் நாற்றம் அடிக்கிற காற்று. பிறகு குழாய் முழுக்கக் கூழாங்கல் உருள்கிற சத்தம். மரக்கால்கள் கிடுகிடுத்தன. சுப்பம்மாள் குடத்தை நீட்டினாள். கறுப்பாக ஒரு வாய் வந்து குடத்தில் விழுந்தது. எட்டிப் பார்த்தால் சேறு. சேற்றில் ஒரு நண்டு.

"இது என்னடி ஆத்தா" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆறே அந்தக் குழாய் வழியாக வந்துவிட்டது. தண்ணீரும் மணலும் சகதியும் ஒரே கட்டியாகப் பாய்ந்து, குடத்தைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. சரிவில் நின்றவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். பலகைப் பாதை பிய்த்துக்கொண்டு மிதந்தது. முதல் வரிசை வீடு ஒன்று அப்படியே மண்டி போட்டது. ஆற்று மணலை இந்தக் குழாயில் விட்டுத்தான் பள்ளத்தை மேடாக்கப் போகிறார்கள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

சாமான் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டோமே, அதுதான் பள்ளத்தைக் காப்பாற்றியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். உள்ளே இருந்தது குடம் தூக்க முடியாத ஒருத்திதான்.

இறங்கி ஓடப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் சேறு இழுத்தது. இராமையா அண்ணன் என் முடியைப் பிடித்து மேலே இழுத்தார். தூரத்தில் என் வீட்டுக் கூரை தெரிந்தது, நின்றுகொண்டுதான் இருந்தது. பரணுக்கு ஓடிப் பர்கத்துல்லாவின் காலைப் பிடித்தேன். குழந்தை இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த பர்மியத்தில், "கலே ஷி தே, கலே ஷி தே" என்றேன். அவருக்கும் அரைகுறைப் பர்மியம்தான்; 'எனக்குக் குழந்தை இருக்கிறது' என்று கேட்டிருக்கிறது. பிச்சைக்காரிகள் எல்லாம் அதைத்தானே சொல்கிறார்கள். போ போ என்று கையை உதறினார். சேறு பாய்ந்துகொண்டே இருந்தது. ரயில் பாதையோரம் வாழ்ந்தவளுக்குச் சிவப்பு என்றால் என்னவென்று தெரியாதா? பாய்ந்து சிவப்புக் கொடியைப் பிடுங்கினேன். அவர் பிடித்தார். நான் கையைக் கடித்தேன். ரத்தம் வருகிற மாதிரிக் கடித்தேன்.

அதற்குள் பெண்களெல்லாம் என் வீட்டைக் காட்டிக் கதறினார்கள். பர்கத்துல்லா அந்தப் பக்கம் பார்த்தார். பாய்ச் சுவரை விலக்கிக்கொண்டு வெளுத்த கை ஒன்று தெரிந்தது. கொடியை என் கையிலேயே விட்டு, என் கையைத் தலைக்கு மேலே தூக்கி, ரயில் மேட்டைப் பார்த்து என்னைத் திருப்பி நிறுத்தினார். இறக்காதே, திரும்பாதே என்று ஜாடையில் சொன்னார். இறக்கினால் அங்கே இருக்கிறவன் எல்லாம் சரியாகிவிட்டது என்று பச்சை காட்டிவிடுவான். பரணில் கிடந்த கயிற்றையும் பலகையையும் அள்ளிக்கொண்டு அவர் இறங்கினார். இராமையா அண்ணனும் கூடவே குதித்தார்.

நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் மேட்டுக்காரன் சிவப்பைத் தூக்கினான். ஆனாலும் குழாய் நிற்கவில்லை. ஆற்றிலிருந்து அது வரைக்கும் குழாய்க்குள் இருந்ததெல்லாம் வந்துதானே தீர வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் அது கொட்டுகிற சத்தம். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி, பர்மாக்காரர்கள் கும்பிடுகிற மரத்துத் தேவதை, எல்லாரையும் கூப்பிட்டேன்.

"அக்கா" என்று ஒரு தரம் கேட்டது. நீலாவின் குரல்தான். "இருடி, வர்றாங்கடி" என்று ரயில் மேட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். பிறகு இராமையா அண்ணன், "பலகையைத் தள்ளுங்க பாய், இன்னும் தள்ளுங்க" என்பது கேட்டது. மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு கூட்டம் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு குழாயும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, சொட்டி, நின்றது. அந்த அமைதியில் குழந்தை வீலென்று அழுதது. என் உயிர் எனக்குத் திரும்பி வந்தது. குழந்தை வந்தால் தாயும் வந்திருப்பாள் என்றுதானே நினைக்கத் தோன்றும்.

மேடேறி மூச்சு வாங்கிக்கொண்டு யாரோ என் பின்னால் வந்து நின்றார்கள்.

"பவுனு, பிள்ளை கிடைச்சிடுச்சு" என்றார் இராமையா அண்ணன்.

"நீலா?" என்றேன், திரும்பாமல்.

அவர் மேலிருந்து சேறு சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"நீலா எங்கண்ணே?"

"பிள்ளையை நீட்டினா, வாங்கினேன். பாய்கிட்டக் குடுத்துட்டுத் திரும்பறேன், தரை உள்ள போயிடுச்சு தாயி. கூரையும் மேல வந்துடுச்சு. ரெண்டு பேரும் மூங்கில் விட்டுத் துழாவிட்டோம். அடி தெரியலை. நான் சரியாத்தானே சொன்னேன். சாமானைன்னுதானே அவனும் சொன்னான்."

"இன்னொரு தரம் பாருங்க."

"பார்த்தாச்சு தாயி. கொடியை இறக்கு."

நான் இறக்கவில்லை. இறக்கினால் அந்தக் குழாய் மறுபடியும் கக்கும். நீலா மேல் மண் விழும். நாளைக்கு இன்னும் விழும். அப்புறம் அதன் மேல் தெரு வரும், சாக்கடை வரும், ஆட்கள் நடப்பார்கள். வலது கை மரத்துப்போனதும் இடது கைக்கு மாற்றினேன். கம்பெனிக்காரன் ஒருவன் வந்து அதட்டினான். பர்கத்துல்லா, நான் கடித்த கையாலேயே அவனைத் தடுத்து நிறுத்தினார். மூங்கில்களோடு நாலைந்து பேர் மறுபடியும் இறங்கினார்கள், சேறாகத் திரும்பி வந்தார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. சுப்பம்மாள் தோளில் போட்டுப் பார்த்தாள், மடியில் போட்டுப் பார்த்தாள், மா ஷ்வே வாங்கித் தட்டிப் பார்த்தாள். அடங்கவில்லை. அழுது அழுது குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பூத்தது. சுப்பம்மாள் அதைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"நீ வாங்கு பவுனு. உன் வாசனைக்குத்தான் அடங்கும். இதுவாவது நமக்கு நிக்கட்டும்."

ஒரு கையில் கொடியோடு மற்றொரு கையை நீட்டினேன். பச்சைக் குழந்தையை ஒரு கையால் வாங்க முடியாது. தலை நிற்காது.

கொடியை இறக்கினேன்.